இவருக்கு நெஞ்சு இறுக்கம், அக்காவுக்குக் கீமோ: நான் யாரைப் பார்ப்பது?

கேள்வி: எனக்கு 54 வயது. யாழ்ப்பாணம் கோண்டாவிலில் இருக்கிறோம். இவருக்கு 58, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு வேலை. 13 வருசமாகச் சீனி வருத்தம். இரண்டு மாதமாக எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தால் நெஞ்சு இறுகுகிறது என்கிறார். இறங்கி நின்றால் போய்விடுமாம். கிளினிக்கில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, புதுக் குளிசையும் தந்து, ஓடவிட்டுப் பார்க்கும் சோதனைக்கு அடுத்த மாதம் திகதி கொடுத்திருக்கிறார்கள். இவரோ ‘இது வாய்வு’ என்று சோடா குடிக்கிறார். சோதனைக்குப் போகமாட்டாராம், ஆனால் நல்லூர்த் திருவிழாவில் கோயில் வீதியில் உருண்டு பிரதட்டை செய்வாராம், நேர்த்தி இருக்கிறதாம். பிள்ளைகளிடம் மூச்சுவிடக்கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் ரொறன்ரோவில். மகள் மெல்பேணில், ஆறு மாதக் கர்ப்பிணி. என் அக்காவும் ரொறன்ரோவில்தான். மார்புப் புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றுகிறார்கள். அங்கே பின்னேரம் தனியாக இருக்கும்போது வீடியோ கோல் எடுப்பா, இங்கே இரவு ஒரு மணி. கதைத்து முடித்துப் படுத்தால் நித்திரை வராது. இவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கடியில் கையை வைத்துப் பார்ப்பேன். காலையில் மகன் கேட்டால் ‘எல்லாரும் சுகம்’ என்பேன். நான் யாரைப் பார்ப்பது, யாரிடம் சொல்வது?

குடும்ப வைத்தியரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கணவரின் நெஞ்சைப் பற்றி முதலில் கதைப்போம். மற்ற எல்லாம் ஒரு கிழமை பொறுக்கும், அது பொறுக்காது.

எதிர்க்காற்றில் மிதித்தால் இறுகுவது, நின்றால் விடுவது. நீங்கள் எழுதிய இந்த ஒரு வரியைத்தான் மருத்துவ மாணவர்களுக்கு முதல் வருசங்களிலேயே படிப்பிக்கிறோம். இதயத் தசைக்கு இரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் உள்ளே கொழுப்புப் படிந்து ஒடுங்கியிருந்தால், சும்மா இருக்கும்போது போகிற இரத்தம் போதும். உடம்பு கஷ்டப்பட்டு வேலை செய்யும்போது போதாது. அப்போது இறுகும், ஓய்ந்தால் விடும். வாய்வுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாது.

ஆனால் உங்கள் கணவர் அப்படி நினைப்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. வயிறு நிறையச் சாப்பிட்டபின் இதயத்துக்கு வேலை கூட. அதனால் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சைக்கிளில் ஏறினால் இறுக்கம் இன்னும் கெதியாக வரும். அவர் இறங்கி நிற்பார், கடையில் சோடா வாங்கிக் குடிப்பார், ஏவறை வரும், இறுக்கமும் போகும். இறுக்கத்தைப் போக்கியது நின்ற அந்த ஐந்து நிமிடம். பெயர் வாங்குவது சோடா. அது இனிப்புச் சோடா என்றால் சீனிக்கணக்கையும் சேர்த்துக் கெடுக்கிறது.

சீனி வருத்தம் நெடுநாள் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. நரம்புகள் மரத்துப்போவதால் இதய வலி வலியாகவே தெரியாமல் போகலாம். திடீரென்று மூச்சு வாங்குவது, குளிர்ந்த வியர்வை, காரணமில்லாத களைப்பு, ஓங்காளம், தாடையிலோ இடக்கையிலோ ஒரு பாரம், இவையும் அதே கணக்கில்தான் வரும்.

இனி நீங்கள் இரவில் கையை வைத்துப் பார்ப்பதை நிறுத்துவதற்கு என்ன தெரிந்திருக்கவேண்டும் என்று சொல்கிறேன். நீங்கள் நாள் முழுக்க அவரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறீர்கள், ஆனால் எதைப் பார்க்கவேண்டும் என்று ஒருவரும் உங்களுக்குச் சொல்லித்தரவில்லை. அதனால்தான் எல்லாமே பயமாக இருக்கிறது.

இப்போது இருப்பது போலவே, அதே அளவு கஷ்டப்பட்டால் மட்டும் வந்து, நின்றதும் சில நிமிடத்தில் போகிற இறுக்கம் என்றால், கொடுத்த குளிசைகளை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு சோதனைத் திகதிவரை காத்திருக்கலாம். கிளினிக்கில் பார்த்த வைத்தியர் அதை யோசித்துத்தான் திகதி தந்திருப்பார். அந்த ஒழுங்கு மாறினால் காத்திருக்கக்கூடாது. முன்பு கோண்டாவில் சந்திவரை மிதித்தால் வந்தது இப்போது கிணற்றடிக்கு நடந்தாலே வருகிறது, சும்மா கதிரையில் இருக்கும்போது வருகிறது, நித்திரையில் எழுப்புகிறது, முன்பைவிட அடிக்கடி வருகிறது என்றால் திகதியை மறந்துவிட்டு அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஓய்வெடுத்தும் பத்து நிமிடத்துக்கு மேல் இறுக்கம் விடாவிட்டால், அல்லது வியர்த்து மூச்சு வாங்கினால், பத்து நிமிடமும் பார்க்காமல், 1990-க்கு அழையுங்கள். இலவச அம்புலன்ஸ் சேவை அது. 2018 யூலையில் வடக்கிற்கு வந்தது. அந்த நேரத்தில் மோட்டார் சைக்கிளில் நடுவில் இருத்திக்கொண்டு போவது, முதலில் பக்கத்துத் தனியார் டொக்டரிடம் காட்டிவிட்டுப் பிறகு யோசிப்பது, இரண்டும் வேண்டாம். நேரே ஈசிஜி, ஊசி, இருதய வைத்தியர் எல்லாம் இருக்கிற இடத்துக்கே போகவேண்டும். இதயக் குழாய் அடைபட்டுக் கிடக்கிற ஒவ்வொரு நிமிடமும் தசைக்குச் சேதம்தான்.

வாசல் எண், ஒழுங்கையின் பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளிக்கூடம், இதை ஒரு கடதாசியில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பதட்டத்தில் சொந்த ஒழுங்கையின் பெயரே வாயில் வராது.

நாக்குக்கு அடியில் வைக்கிற குளிசை தந்தார்களா என்று எழுதவில்லை. தந்திருந்தால் சில விசயங்கள். அவரை இருக்கவைத்துத்தான் கொடுக்கவேண்டும், பிறஷர் இறங்கித் தலைசுற்றும். வைத்து ஐந்து நிமிடத்தில் இறுக்கம் விடாவிட்டால் 1990. அந்தக் குளிசை வந்த கண்ணாடிப் போத்தலிலேயே இருக்கட்டும், பிளாஸ்ரிக் டப்பாவுக்கு மாற்றினால் வீரியம் போய்விடும். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள், எட்டுக் கிழமைக்குப் பிறகு புதிது வாங்குங்கள். அதோடு ஆண்மைக்கென்று சிலர் இரகசியமாக வாங்கிப் போடுகிற குளிசைகள் இருக்கின்றன. அவற்றோடு இது சேர்ந்தால் பிறஷர் உயிராபத்தான அளவுக்கு விழும். அப்படி ஏதும் பாவிப்பவராக இருந்தால் வெட்கப்படாமல் வைத்தியருக்குச் சொல்லச் சொல்லுங்கள். எங்களுக்கு அது காய்ச்சல் தடிமன் போல ஒரு செய்திதான். நெஞ்சுவலி வந்தால் அஸ்பிரின் சப்பக் கொடுக்கலாமா என்பதையும் அடுத்த கிளினிக்கில் கேட்டு வையுங்கள். குடல்புண், இரத்தக்கசிவு உள்ளவர்களுக்கு அது ஒத்துவராது, ஆகவே அவருடைய கிளினிக் கொப்பியைப் பார்த்து ஒருவர் சொல்லவேண்டும்.

அவர் ஏன் போகமாட்டேன் என்கிறார்? கடிதத்தில் காரணம் இல்லை, ஆனால் எனக்கு ஓரளவு தெரியும், ஏனென்றால் இந்த வயது ஆண்கள் நிறையப் பேர் என் முன்னால் இருந்து அதையே சொல்லியிருக்கிறார்கள். சோதனைக்குப் போனால் ஆஞ்சியோகிராம் என்பார்கள், பிறகு நெஞ்சைப் பிளப்பார்கள், பிறகு வேலை இல்லை, பிறகு பிள்ளைகளுக்குப் பாரம். ஒரு சோதனையை மறுக்கும்போது அவர் மறுப்பது இந்தச் சங்கிலி முழுவதையும். ஆகவே சங்கிலியைக் கழற்றி, ஒரு வளையத்தை மட்டும் கேளுங்கள்.

ஓடவிட்டுப் பார்ப்பது என்றால் ஓட்டப்போட்டி இல்லை. நெஞ்சில் வயர்களை ஒட்டி, நகரும் பட்டியில் நடக்கவிடுவார்கள். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் சரிவையும் கொஞ்சம் கூட்டுவார்கள். பக்கத்தில் ஆள் நின்று ஈசிஜியையும் பிறஷரையும் பார்த்துக்கொண்டே இருப்பார். இறுகினால், களைத்தால், கோடு மாறினால் நிறுத்திவிடுவார்கள். அவர் எதிர்க்காற்றில் ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் தினமும் செய்கிற அதே சோதனையை இங்கே வைத்தியர் முன்னால் செய்கிறார், அவ்வளவுதான். இதை அப்படியே அவரிடம் சொல்லிப்பாருங்கள். முன்கூட்டியே குளிசைகளில் எதையாவது நிறுத்தவேண்டுமா என்று கேளுங்கள், தானாக எதையும் நிறுத்தவேண்டாம். இரண்டு மணித்தியாலத்துக்கு முன் இலேசாகச் சாப்பிட்டுவிட்டு, காற்சட்டையும் சப்பாத்தும் போட்டுப் போகட்டும். சாரத்தோடும் பாட்டாச் செருப்போடும் வந்து நின்ற ஐயாமாரை அந்தப் பட்டியில் ஏற்ற முடியாது, சொல்லிவிட்டேன்.

முடிவைப் பார்த்துக் குளிசையோடு விடலாம் என்றும் சொல்லலாம், ஆஞ்சியோகிராம் பார்ப்போம் என்றும் சொல்லலாம். ஆஞ்சியோகிராமும் நெஞ்சைப் பிளப்பதில்லை. பெரும்பாலும் மணிக்கட்டில் விறைப்பு ஊசி போட்டு, மெல்லிய குழாய் விட்டு, சாயம் செலுத்திப் படம் எடுப்பது. ஆள் முழித்துக்கொண்டு கதைத்துக்கொண்டே இருப்பார். முன்பு போல இதற்காகக் கொழும்புக்கு ஓடவும் தேவையில்லை, யாழ் போதனா வைத்தியசாலையிலேயே செய்கிறார்கள். சீனிக்கு மெற்போமின் குளிசை போடுபவர் என்றால் அதையும், சிறுநீரக இரத்தச் சோதனை எப்போது செய்தது என்பதையும் அங்கே சொன்னால் போதும், சாயத்துக்காக அதை நிறுத்தத் தேவையா என்று அவர்கள் பார்ப்பார்கள்.

எப்படிக் கேட்பது என்பதில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. படுக்கப்போகும்போது கேட்காதீர்கள், ஆட்கள் முன்னால் கேட்காதீர்கள். ‘உங்களுக்கு ஏதும் நடந்தால் நான் என்ன செய்வன்’ என்று அழுதுகொண்டும் கேட்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் பயந்திருக்கிற ஆளின் தலையில் உங்கள் பயத்தையும் சேர்த்து ஏற்றினால் அவர் இன்னும் இறுகிப்போவார். காலைத் தேத்தண்ணியோடு, ‘இஞ்சருங்கோ, இந்த ஒரு சோதனைக்கு மட்டும் வாங்கோ, அதுக்குப் பிறகு என்ன செய்யிறது எண்டு நீங்களே முடிவெடுங்கோ’ என்று சொல்லுங்கள். அத்தோடு ஊரில் ஸ்ரென்ற், அதாவது ஒடுங்கிய குழாயைத் திறந்து வைக்கிற சின்ன வலைக்குழாய், வைத்து இப்போது சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்து திரிகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். நீங்களும் நானும் சொல்வதைவிட அந்த மனுசன் வேலியடியில் நின்று பத்து நிமிடம் கதைத்தால் நன்றாக ஏறும். அவரை எப்படியாவது வரவழையுங்கள்.

பிரதட்டை விசயத்தில் நான் நேரே சொல்கிறேன்: சோதனை முடிவு தெரியும்வரை வேண்டாம். விடியற்புறம், வெறும் வயிறு, ஈர வேட்டி, வீதியைச் சுற்றி உருண்டு வருவது, சுற்றிலும் சனம். ஒடுங்கிய குழாய் உள்ள இதயத்துக்கு இதைவிடக் கஷ்டமான சோதனை கிடையாது. அதோடு சீனிக்குளிசையைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் உருண்டால் சீனி இறங்கி மயங்கலாம், விட்டாலும் பிழை, போட்டாலும் பிழை. ஆனால் இதை நீங்கள் தடுக்கவேண்டாம். நேர்த்தியை மனைவி தடுத்தால் அது வீட்டுச் சண்டையாகும், பிறகு திருவிழா முடியும்வரை அதைப்பற்றியே கதை. கிளினிக்கில் அவர் பக்கத்தில் இருக்கும்போது வைத்தியரிடம் நீங்களே கேள்வியைக் கேளுங்கள், ‘இவர் நல்லூரில் பிரதட்டை செய்யலாமோ’ என்று. பதிலை வைத்தியர் வாயால் வரவிடுங்கள். நேர்த்தியை அடுத்த வருசத்துக்குத் தள்ளி வைப்பது ஊரில் இல்லாத வழக்கம் இல்லை. இருபத்தைந்து நாளும் போய்க் கும்பிட ஒரு தடையும் இல்லை, வெயிலில் நெரிபடாமல் போய்வந்தால் சரி. கந்தசஷ்டி விரதம் பிடிப்பவர் என்றால் அதற்கும் முன்கூட்டியே குளிசைக் கணக்கைக் கேட்டுவையுங்கள்.

இனிப் பிள்ளைகள்.

சொல்லத்தான் வேண்டும் என்பது என் முடிவு. ஆனால் அவருக்குத் தெரியாமல் சொல்லக்கூடாது.

உங்கள் கணவருடைய வயதுக்காரர்கள் வெளிநாட்டுக்குக் கெட்ட செய்தி சொல்லாமல் விடுவதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. தொண்ணூறுகளின் முற்பாதியில் குடாநாட்டில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. வெளிநாட்டுப் பிள்ளையோடு கதைக்கவேண்டும் என்றால் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போகவேண்டும். கடிதம் போய்ச் சேருமுன் வருத்தம் மாறிவிடும், அல்லது ஆள் போய்விடுவார். 1995 இடப்பெயர்வில் தென்மராட்சியில் கிடந்தபோது யார் எதைச் சொல்வது, சொன்னாலும் அங்கிருந்து என்ன செய்வது? மறைத்தது அன்றைக்குச் சரி. இன்றைக்கு உங்கள் வீட்டு முற்றத்தில் வைத்தியசாலை ஓட்டோ வந்து நின்றால், லண்டனில் இருக்கிற சித்தப்பாவின் மகளுக்குப் பின்னேரத்துக்குள் தெரிந்துவிடும். அவள் உங்கள் மகளுக்கு ‘அப்பாவுக்கு என்னவாம்?’ என்று வட்ஸ்அப்பில் கேட்பாள். கர்ப்பிணிப் பிள்ளைக்கு எது பாரம், அப்பா தானே சிரித்துக்கொண்டு சொல்கிற செய்தியா, இதுவா?

வருத்தம் அவருடையது, அதை யாருக்குச் சொல்வது என்பதும் அவருடைய உரிமைதான். ஒரு வைத்தியனாக நான் அதை மதிக்கிறேன். ஆனால் பொய் சொல்லும் வேலையை உங்களுக்குத் தர அவருக்கு உரிமை இல்லை. ‘நானாகப் போய்ச் சொல்லமாட்டன். பிள்ளையள் கேட்டால் பொய்யும் சொல்லமாட்டன். இந்த ஞாயிற்றுக்கிழமை நீங்களே சொல்லுங்கோ’ என்று சொல்லிப் பாருங்கள். உங்களுக்கு நித்திரை இல்லை, களைப்பாக இருக்கிறது என்பதை மகனிடம் சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அது உங்களுடைய செய்தி.

அவர் சொல்லவேண்டியது நாலு வரிதான். ‘கஷ்டப்பட்டால் நெஞ்சு கொஞ்சம் இறுகுது. டொக்டர் குளிசை தந்து, அடுத்த மாதம் ஒரு சோதனைக்குத் திகதி தந்திருக்கிறார். இப்ப வேலைக்குப் போய்வாறன். முடிவு வந்த அண்டைக்கே சொல்லுவன், நடுவில ஏதும் மாறினாலும் சொல்லுவன்.’ இதில் கடைசி வரிதான் பிள்ளைகளை நித்திரை கொள்ளவைக்கும். ‘எல்லாரும் சுகம்’ என்ற பதிலைத் தூரத்தில் இருக்கிற ஒரு பிள்ளையும் நம்புவதில்லை. உங்கள் குரலை வைத்து அவன் ஏற்கெனவே எதையோ ஊகித்துத்தான் இருப்பான், ஊகம் எப்போதும் உண்மையைவிடப் பெரிது.

இருவருக்கும் ஒரே நேரத்தில் சொல்லுங்கள், ஒருவர் சொல்லி மற்றவர் கேட்கும்படி வேண்டாம். ஞாயிறு காலை இங்கே ஆறரை என்றால் ரொறன்ரோவில் சனி இரவு ஒன்பது, மெல்பேணில் ஞாயிறு காலை பதினொன்று. மூன்று வீட்டுக்கும் பொருந்துகிற நேரம். கனடாவில் நவம்பரில் மணி மாற்றினால் அங்கே எட்டாகும், மெல்பேணில் ஒக்ரோபரிலிருந்து பன்னிரண்டாகும், அப்போதும் பிழையில்லை. அதை வாராந்தக் கோலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

சொன்னதும் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். மகன் மூன்று விசயம் சொல்வான். முதலில், ‘நான் வாறன்’. இப்போது வேண்டாம். சோதனைக்கு வந்து லீவை முடித்தால், சத்திரசிகிச்சை என்று ஒன்று வந்தால் அப்போது ஆள் இருக்காது. முடிவு வந்தபின் தீர்மானிப்போம் என்று சொல்லுங்கள். இரண்டாவது, ‘காசு அனுப்புறன், தனியாரில சனல் பண்ணிக் காட்டுங்கோ’. காட்டலாம், குற்றமில்லை. ஆனால் அரச கிளினிக்கில் ஒரு கொப்பி, தனியாரில் ஒரு துண்டு, கொழும்பில் ஒரு ரிப்போர்ட் என்று பிரிந்துபோனால் ஒரு வைத்தியருக்கும் முழுப்படம் தெரியாது. எங்கே போனாலும் எல்லாக் கடதாசிகளும் ஒரே கோப்பில் போகட்டும். அந்தக் கோப்பை மகனிடம் ஒப்படையுங்கள்: நீங்கள் ஒவ்வொரு கடதாசியையும் படம் எடுத்து அனுப்புங்கள், அவன் ஒழுங்காக அடுக்கி வைக்கட்டும். தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு உண்மையான வேலை ஒன்று கொடுத்தால் தினமும் பத்துத்தரம் கோல் எடுக்கமாட்டான்.

மூன்றாவது, குளிசைப் பார்சல். இதில்தான் நான் கொஞ்சம் கடுமையாக இருப்பேன். கனடாவிலிருந்து வருகிற அஸ்பிரின், கொலஸ்ரோல் குளிசை, மீன் எண்ணெய், ஏதோ ஒரு ‘ஹார்ட் விற்றமின்’, எல்லாம் அலுமாரியில் கிளினிக் குளிசைகளோடு சேர்ந்து கிடக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும், மனுசன் இரண்டையும் போடுவார். அஸ்பிரின் இரட்டித்தால் வயிற்றில் இரத்தம் கசியும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது வீட்டில் உள்ள எல்லா மருந்தையும், ஆயுர்வேதத் தூளையும்கூட, ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மேசையில் கொட்டுங்கள். எதை வைத்திருப்பது எதை எறிவது என்று வைத்தியர் பிரித்துத் தருவார்.

மகளுக்கு வருத்தம் சம்பந்தப்பட்ட வேலை எதுவும் வேண்டாம். அவள் அப்பாவோடு பிள்ளைக்குப் பெயர் தேடட்டும்.

அக்காவுக்கு வருகிறேன். கீமோவுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. நிறையப் பேருக்கு மூன்று கிழமைக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். முதல் சில நாட்கள் ஓங்காளமும் களைப்பும், அடுத்த கிழமையளவில் இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறைந்து தொற்றுக்கு இடம் கொடுக்கும், மூன்றாவது கிழமை ஆள் ஓரளவு எழும்பி நடப்பார். அக்காவிடம் அவவுடைய திகதிகளைக் கேட்டுக் கலண்டரில் குறியுங்கள். எந்த நாளில் கதைக்க விருப்பமாக இருப்பா, எந்த நாளில் சும்மா ஒரு குரல் போதும் என்று உங்களுக்கே பிடிபடும். முகம் வாடிய நாளில் ‘ஏன் இப்படி இருக்கிறாய்’ என்று நீங்கள் பதறுவதும் குறையும்.

நேரத்தை மாற்றுங்கள். இரவு ஒரு மணி வேண்டாம். இங்கே இரவு எட்டு என்றால் அங்கே காலை பத்தரை, வேலைக்குப் போகிறவர்கள் போய்விட்டிருப்பார்கள், அக்கா அப்போதும் தனியாகத்தான் இருப்பா. பின்னேரம் அவவுக்கு வெறுமையாக இருக்கும் என்றால் நீங்கள் படுக்கமுன் ஒரு குரல்பதிவு அனுப்பிவிடுங்கள். வருத்தத்தைப் பற்றி இல்லை. முருங்கைக்காய் என்ன விலை, யாருடைய வீட்டுக் கலியாணத்தில் என்ன சண்டை, நீங்கள் இருவரும் படித்த பள்ளிக்கூடத்து மதில் எப்படி இருக்கிறது, இப்படி. பதில் கேட்காத செய்தியாக இருக்கவேண்டும். கீமோவில் இருப்பவர்களுக்குப் பெரிய களைப்பு, எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்க எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொல்வது. வட்ஸ்அப்பில் வருகிற இலைச்சாறு, மூலிகைத் தூள் வைத்தியங்களை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள். சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும்.

இவருடைய நெஞ்சு பற்றி அக்காவிடமும் மறைக்கவேண்டாம். நோயாளிக்குக் கவலை கொடுக்கக்கூடாது என்று நினைப்போம், ஆனால் நோயாளியாக மட்டுமே நடத்தப்படுகிற ஒருவருக்கு, தங்கச்சி தன் கவலையைச் சொல்லி யோசனை கேட்பது எவ்வளவு ஆறுதல் என்று பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். மூத்த அக்காவாக ஒரு நாள் இருக்க விடுங்கள்.

இரவு. போனை விறாந்தையில் வைத்துவிட்டுப் படுங்கள். மகன், மகள், அக்கா வீடு, இந்த மூன்று இலக்கங்களுக்கு மட்டும் மணி அடிக்கும்படி வைக்கலாம், பக்கத்து வீட்டுப் பெடியனுக்குச் செய்யத் தெரியும். கையை வைத்துப் பார்ப்பதால் மாரடைப்பு தெரியவராது. இறுக்கம் வந்தால் அவர் எழுப்புவதாக வாக்குக் கொடுக்கட்டும், அது போதும். ஒன்று மட்டும்: அவர் பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று, திணறி மீண்டும் எடுக்கிறார் என்றால் அதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், அது தனியொரு வருத்தம், பிறஷருக்கும் இதயத்துக்கும் கூடாது. இவ்வளவும் செய்து இன்னும் இரண்டு கிழமைக்கு நித்திரை வராவிட்டால், சாப்பாடு இறங்காவிட்டால், எதிலும் மனம் நிற்காவிட்டால் நீங்களும் ஒரு வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற இலக்கத்தில் மனநல உதவிக்கு யாரோடாவது கதைக்கலாம். பாமசியில் சொல்லி நித்திரைக் குளிசை வாங்கவேண்டாம்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நல்லது. 13 வருசம் சீனி வருத்தக்காரருக்குச் சமைத்த உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. உப்பையும், கருவாட்டையும், பொரியலையும் இன்னும் கொஞ்சம் குறையுங்கள். இரவுச் சாப்பாட்டைப் பிந்தவிடாதீர்கள். புகைப்பவர் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் அதை நிறுத்தவேண்டும்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எங்கும் இல்லாத ஒன்று. கூடப்பிறந்த சகோதரிக்கு மார்புப் புற்றுநோய் என்றால் உங்களுக்கு அது வரும் சாத்தியம் மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படிச் சகோதரி உள்ள பெண்களில் பெரும்பாலானோருக்கு அது வருவதேயில்லை, ஆகவே இதை இன்னொரு பயமாக எடுக்காதீர்கள். ஆனால் 54 வயதில் சோதித்துப் பார்க்காமல் இருக்கவும் கூடாது. அக்காவிடம் இரண்டு விசயம் கேளுங்கள்: உங்கள் தாய்வழியிலோ தகப்பன்வழியிலோ வேறு யாருக்கும் இருந்ததா, அவவுக்கு மரபணுச் சோதனை செய்தார்களா. பதிலோடு உங்கள் பகுதி மருத்துவமாதுவைப் பிடியுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் நடக்கிற வெல் வுமன் கிளினிக்குக்கு அவர் திகதி சொல்வார். மார்பையும் பிறஷரையும் சீனியையும் அங்கே பார்ப்பார்கள், மமோகிராம் தேவை என்றால் எழுதித் தருவார்கள். உங்கள் கணவர் தன் சோதனைக்கு வர இன்னும் அடம்பிடித்தால், உங்கள் திகதியை முதலில் எடுத்துவிட்டு, அவரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பும் வழியில் அவருடைய முறை.